நெருப்பை நிறுத்திய மாதா

லண்டனில் எங்கள் சனம் பெட்டி அடுக்குகிறது என்றால் அது கலியாணவீடாக இருக்கும், செத்தவீடாக இருக்கும், இல்லாவிட்டால் கோயிலாக இருக்கும். சும்மா போய், சும்மா இருந்து, சும்மா திரும்பி வருவதெல்லாம் வெள்ளைக்காரருக்கு உரியது என்று ஒருவரும் எழுதிவைக்காத சட்டம் ஒன்று உண்டு. கிளின்ரன் அந்தச் சட்டத்தில் ஊறியவன். ஹவுன்ஸ்லோவில் வீடு, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. சும்மா போய் வருகிறவர்களின் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அவனுக்கு இடுப்பு நாரி முறிந்ததுதான் மிச்சம். கலியாணம் கட்டிப் பத்து வருடத்தில் அவனும் மனைவி றூபினியும் போன இடங்கள் லூர்து, பாத்திமா, வால்சிங்கம், ஊருக்குப் போனபோது மடு, அங்கிருந்து ஓர் எட்டு வேளாங்கண்ணி; எல்லாம் மாதா கோயில்கள். போன இடமெல்லாம் கேட்டது ஒன்றுதான். ஒரு பிள்ளை.

தை மாதத்தில் ஆஸ்பத்திரி டொக்டர் இருவரையும் எதிரே இருத்திவைத்து, இனிமேல் இந்த உடம்பை வருத்த வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டார். றூபினி அழுவாள் என்று எதிர்பார்த்து நர்ஸ் கடதாசிக் கைக்குட்டையை நீட்டினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வயிற்றைச் சுற்றி ஊசி குத்திக் கன்றிப்போன இடங்களுக்கு இனி ஓய்வு என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள், ஆனாலும் தோன்றியது உண்மை. இனி அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கிளின்ரன் தன் வாயால் போதும் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். 'காணும் றூபி, நாங்கள் ரெண்டு பேரும் காணும்' என்று.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கிளின்ரன் வாயைத் திறந்தான்.

"வேறை ஒரு ஆஸ்பத்திரி இருக்காமெல்லே. ஒருக்கா விசாரிச்சுப் பாப்பம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாண் ஏற முழம் சறுக்குகிற கதைதான். ஆனால் சறுக்கி விழுந்தது அவள் உடம்பு, ஏறச் சொன்னது அவன் வாய்.

சில நாட்கள் கழித்து அவளே கேட்டாள். "இஞ்சேருங்கோ, எங்கையாவது போவம். ஒரு சனி ஞாயிறு. ஆனால் கோயில் இல்லாத இடமாய் இருக்கவேணும். நீங்களும் நானும் மட்டும்."

அவன் முகம் சுருங்கும் என்று நினைத்தாள். சுருங்கவில்லை. அடுத்த கிழமை வேலையால் வந்தவன் சப்பாத்தைக் கழற்ற முதலே சொன்னான். "லான்சரோட்டே எண்டு ஒரு தீவு. எரிமலைத் தீவு. முந்தி வெடிச்சு, கிராமம் கிராமமாய் மூடிப்போட்டுதாம். பாக்கக் கல்லும் சாம்பலும்தான். உமக்குப் பிடிக்கும்."

பூச்சாடியும் பொன்னாடையும் இல்லாத இடத்தை அவளுக்காகத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறானே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் தெரியாத மனிதன் என்றுதான் அவள் இத்தனை காலமும் அவனை நம்பியிருந்தாள்.

பங்குனியில், வெள்ளிக்கிழமை மத்தியானம் போய் இறங்கினார்கள். கட்டைக் காற்சட்டை போட்ட கிளின்ரனை அவள் அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள். காலிரண்டும் வெயிலே காணாத மரவள்ளிக் கிழங்குபோல இருந்தன. அதைச் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். கறுத்த மணற் கடற்கரையில் அலை வந்து முழங்காலை அடித்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோலச் சத்தம் போட்டான். பொரித்த மீனுக்குக் கைப்பையில் கொண்டுபோயிருந்த இடிசம்பலைத் தொட்டுக்கொண்டார்கள். சாப்பிட்டனீரா, மருந்து எடுத்தனீரா என்று ஒரு கேள்வியும் இல்லை. இந்த மனிதனைத்தான் கலியாணம் கட்டினேன், இடையில் எங்கேயோ தொலைத்துவிட்டேன், இதோ கிடைத்துவிட்டான் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை வாடகைக் காரில் நெருப்பு மலைக்குப் போனார்கள். பார்க்கும் இடமெல்லாம் உழுது போட்டு விதைக்க மறந்த வயல்போலக் கறுப்பும் சிவப்புமாகக் கிடந்தது. பூங்காக் காவலாளி ஒருவர் நிலத்திலிருந்து சரளைக் கல்லை அள்ளி ஆளாளுக்குக் கையில் போட்டார். சூடு பொறுக்காமல் றூபினி அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். பிறகு அவர் நிலத்தில் பதித்த குழாய்க்குள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். ஊற்றியவர் விலகுவதற்கும் தண்ணீர் ஆவியாகிச் சீறி மேலே எழுவதற்கும் சரியாக இருந்தது. எல்லோரும் கத்தினார்கள், அவளும் கத்தினாள். எத்தனை வாளி ஊற்றினாலும் இந்த மண் திருப்பித் துப்பிவிடும். அதற்காக ஒருவரும் அதன்மேல் கோபிக்கவில்லை, கைதட்டுகிறார்கள். அவளுக்கு அந்த மண்ணை மிகவும் பிடித்துப்போயிற்று.

"இஞ்சையே இருந்திடலாம் போல கிடக்கு" என்றாள்.

"ஓம்" என்றான் அவன். அவன் கண் கைபேசியில் வழி பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் சாலையோரம் காரை நிறுத்தினான். கறுத்த சாம்பலில் பள்ளம் பள்ளமாகத் தோண்டி, ஒவ்வொன்றையும் சுற்றிப் பிறை வடிவில் கல்லடுக்கி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு திராட்சைக் கொடி நட்டிருந்தார்கள். பச்சையாகத் துளிர் விட்டிருந்தது.

"பாரும் றூபி. சாம்பலுக்குள்ளை முந்திரிகைக் கொடி. மழையே இல்லாத ஊரிலை. கடவுள் நினைச்சால்..."

"நான் காணி இல்லை" என்றாள் அவள்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்பிடித்தான் சொல்லுறீங்கள். காரை எடுங்கோ."

கார் வந்த வழியே திரும்பாமல் வேறு பக்கம் திரும்பியது. எரிமலைக் குழம்பு உறைந்து கருங்கற் கடலாகக் கிடந்த வெளி சட்டென்று ஓரிடத்தில் முடிந்தது. முடிந்த இடத்துக்குச் சற்று அப்பால் வெள்ளைச் சுவரோடு ஒரு கோயில் நின்றது. கிளின்ரன் காரை நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தான். உள்ளே பெருவிரல் அளவில் ஒரு வெள்ளித் தொட்டில். பிள்ளைவரம் கேட்கிறவர்கள் மாதாவுக்குக் கட்டுகிற தொட்டில். வேளாங்கண்ணியில் ஒன்று கட்டினார்கள், மடுவில் ஒன்று. இது புதிது.

றூபினி தொட்டிலைப் பார்த்தாள்.

"கோயில் இல்லாத இடமெண்டு கேட்டனான்."

"அருட்பிரகாசம் அண்ணை சொன்னவர்" என்றான் கிளின்ரன். அருட்பிரகாசம் என்பவர் ஆண்டுதோறும் வால்சிங்கத்துக்குத் தமிழ்ச் சனத்தை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறவர். மாதா கோயில் எங்கே இருந்தாலும் அவருக்குத் தெரியும். "வியாகுல மாதா றூபி. நெருப்பு ஊருக்குள்ளை வரேக்கை சனம் மாதாவைத் தூக்கிக்கொண்டு போய் முன்னாலை நிண்டதாம். ஒரு சிலுவையை நட்டதாம். அந்த இடத்தோடை நெருப்பு நிண்டிட்டுதாம். நெருப்பையே நிப்பாட்டின தாய். எங்களுக்கு ஒரு பிள்ளையைத் தர ஏலாதே?"

"இதுக்குத்தான் இந்தத் தீவோ?"

அவன் வெறுந்துணியை மடித்துப் பைக்குள் வைத்தான்.

"அருட்பிரகாசம் அண்ணைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அப்ப நேற்றுக் கடலுக்குள்ளை சிரிச்சது?"

"அது சந்தோசத்திலை சிரிச்சது."

"என்னோடை இருக்கிற சந்தோசமோ, இண்டைக்கு இஞ்சை வாற சந்தோசமோ?"

அவன் பதில் தேடினான். உண்மையாகவே தேடினான், பாவம். அவனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. "ஒருக்கா மட்டும் றூபி. நீர் வராட்டிலும் பரவாயில்லை. நான் போட்டு வாறன்" என்று தொட்டிலைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனான்.

அரச மரத்தை நம்பிப் புருசனைக் கைவிட்டவளைப் பற்றி நமக்கொரு பழமொழி இருக்கிறது. மாதாவை நம்பிப் பெண்சாதியைக் கைவிட்டவனைப் பற்றி ஒருவரும் சொல்லிவைக்கவில்லை. ஆம்பிளைக்குப் பழமொழி செய்ய யாருக்குத் துணிவு!

காருக்குள் இருந்த றூபினிக்கு லூர்தின் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்த உடம்பு திரும்பவும் நடுங்கியது. மடுவில் முழங்காலில் நடந்து தோலுரிந்தது எரிந்தது. கேட்காமலே வயிற்றில் கைவைத்துச் செபித்த மச்சாள்மார் எல்லோரும் அந்தக் கோயிலுக்குள் வரிசையாக இருப்பதுபோல இருந்தது. இந்த மனிதன் நிற்கமாட்டான். எரிமலை நின்றாலும் இவன் நிற்கமாட்டான். இன்னும் எத்தனை மாதா இந்த உலகத்தில் இருக்கிறாவோ, அத்தனை பேரிடமும் என்னைத் தூக்கிக்கொண்டு போவான். அவளுக்குச் சாகலாம் போல இருந்தது. காரைவிட்டு இறங்கினாள்.

கோயிலுக்குள் ஆட்கள் இல்லை. கிளின்ரனையும் காணவில்லை. பீடத்துக்கு முன்னால் இருந்த கம்பியில் வெள்ளித் தொட்டில் நூலில் தொங்கியது. மேலே துயரமான முகத்தோடு மாதா நின்றா. றூபினி முழங்காலில் இருந்துகொண்டு, எங்கள் சனம் செபிக்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்தாள். அந்த ஊரில் தமிழ் யாருக்கு விளங்கப் போகிறது என்று வாய்விட்டே கேட்டாள்.

"தாயே, நெருப்பை நிப்பாட்டினனீர் எண்டு சொல்லுகினம். அப்ப இவரையும் நிப்பாட்டும். எனக்குப் பிள்ளை வேண்டாம். இவரின்ரை நம்பிக்கையை எடுத்துப்போடும். வேரோடை எடுத்துப்போடும். என்னாலை இனி ஏலாது."

எழும்பித் திரும்பினாள். பக்கத்து வாசலில் கிளின்ரன் நின்றான். எங்கோ போய் மெழுகுதிரி வாங்கி வந்திருக்கிறான். கொளுத்தாத திரி கையில் இருந்தது.

 அவன் திரியை ஆட்கள் இருக்கிற வாங்கில் வைத்தான். கம்பியடிக்குப் போய்த் தொட்டிலை அவிழ்க்கப் பார்த்தான். பெட்டிகளோடு மல்லுக்கட்டிய தடித்த விரல்களுக்கு அந்தச் சின்ன முடிச்சு அகப்படவில்லை. குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"போவம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் அவளுடைய பெட்டியை மேலே ஏற்றிவிட்டான், ஜன்னலோர இருக்கையை அவளுக்குக் கொடுத்தான். சண்டை பிடித்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாள். அவன் அதற்கு இடம் தரவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் தொட்டிலை வாசல் மேசையில் கதவுத் திறப்புக் கொத்துப் போடுகிற தட்டில் போட்டான். பிறகு அவன் அதைத் தொடவில்லை. அவளுக்கும் தொடத் துணிவு வரவில்லை.

முதல் இரண்டு கிழமையும் றூபினி காத்திருந்தாள். நம்பிக்கை போய்விட்டால் அந்த இடத்தில் தான் வந்து உட்காரலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஞாயிறு பூசை முடிவில் பிள்ளைவரத்துக்கு ஆசீர்வாதம் வேண்டுகிற தம்பதிகளைச் சுவாமியார் முன்னால் வரச்சொல்லிக் கூப்பிட்டபோது கிளின்ரன் எழும்பவில்லை. இதோ நின்றுவிட்டான் என்று அவள் நினைத்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் பிடித்த ஆட்டிறைச்சிக் கறி வைத்தாள். அவன் சாப்பிட்டான். நல்லாயிருக்கா என்று கேட்டாள். ஓம் என்றான். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனான்.

வேலை இடைவேளையில் வருகிற தொலைபேசி அழைப்பு நின்றது. தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாகப் பிரித்து அவள் கையில் வைப்பது நின்றது. குளிருக்கு மேலங்கியைப் பொத்தான் போடச் சொல்லி அதட்டுவது நின்றது. அதெல்லாம் பிள்ளைக்காகச் செய்தானா, தனக்காகச் செய்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. இனித் தெரியவும் போவதில்லை. இரண்டும் ஒரே அடுப்பில் வெந்தவை. அவள் அடுப்பை அணைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள்.

ஆனி கடைசியில் அருட்பிரகாசம் தொலைபேசி எடுத்தார். வால்சிங்கம் பஸ்ஸில் வழக்கம்போல இரண்டு இருக்கை வைக்கட்டோ என்று கேட்டார். கேட்டுச் சொல்லுகிறேன் என்று வைத்தவள், கிளின்ரன் வரும்வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

"வால்சிங்கம் போவமே?" என்றாள். தன் குரலில் இருந்த கெஞ்சல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"ஏன்?"

"உங்களுக்கு விருப்பமெல்லே. நானும் வாறன். முழங்காலிலை நடக்கவும் வாறன்."

அவன் அவளைப் பார்த்தான். கோபம் இருந்தால்கூட அவள் சந்தோசப்பட்டிருப்பாள்.

"வேண்டாம். காணும்" என்றான்.

தை மாதம் தொட்டு அவள் கேட்க ஏங்கிய சொல். முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லாமல் வந்து விழுந்தது.

அரிசி மூட்டை எப்போதும் மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கும். கிளின்ரன் அதைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினான். மேலே ஒரு சின்ன அறை. கலியாணம் கட்டின புதிதில் அவனே மஞ்சள் வர்ணம் பூசி, யாரையும் படுக்கவிடாமல், ஒரு சாமானும் வைக்கவிடாமல் பார்த்துக்கொண்ட அறை.

"அங்கை ஏன் கொண்டு போறீங்கள்?" என்று கீழே நின்று கத்தினாள்.

"இடம் சும்மாதானே கிடக்கு."

மூட்டை நிலத்தில் விழுகிற சத்தம் கேட்டது. றூபினி சாமிப் படத்தடிக்கு ஓடினாள். மாதாவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். அன்று கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கத்தான் வந்தாள். கையை விரித்தாள், வாய் வரவில்லை. இத்தனை வருடமாக, இத்தனை கோயிலில் கேட்ட அத்தனையிலும் தாய் காது கொடுத்துக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.