செருப்பு பறக்கும் பக்கம்

எங்கள் வீட்டில் முகங்களை அக்கா வரைவாள், ஆட்டக் காய்களை நான் வரைவேன். ஏழு வருடமாக இதுதான் பிழைப்பு. 'கோ' என்கிற பழைய பலகை ஆட்டத்தை வைத்து நாங்கள் போடும் மாங்கா, அதாவது ஜப்பானிய பாணிப் படக்கதை, போன வருடம் அனிமே என்கிற கார்ட்டூன் தொடராகவும் வந்து சக்கைப்போடு போடுகிறது. கதாநாயகன் ஒரு துறுதுறுப் பையன். அவனோடு மோதுகிறவனுக்கு வாசகர்கள் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி.

அக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புத்தகத்தில் வரும் எந்த ஆட்டமும் கற்பனையாக இருக்கக்கூடாது. சாப்பாட்டு மேசையில் பலகையைப் போட்டு, அவள் கதாநாயகனாக, நான் உம்மணாமூஞ்சியாக, நிஜமாகவே ஆடுவோம். "இதில் உள்ள ஆட்டங்கள் அத்தனையும் உண்மையாக ஆடப்பட்டவை" என்று ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் பெருமையாக எழுதுவாள். அந்தப் பக்கத்தை நான் சட்டென்று புரட்டிவிடுவேன். அதுவரை ஆடிய நாற்பத்தோரு ஆட்டத்திலும் நான் வேண்டுமென்றே தோற்றவள். முதல் ஆட்டத்தில் ஜெயித்ததும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டேன், பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

அன்று கடைசிப் புத்தகத்தின் கடைசி ஆட்டம். மூன்று மணிக்குள் பக்கங்கள் போயாக வேண்டும். ஜெயித்த பையன் எம்பிக் குதிக்கிறான், ஒரு செருப்பு பறக்கிறது. அந்தப் படத்தை அக்கா முன்கூட்டியே வரைந்துவிட்டாள், அனிமேக்காரர்கள் அதற்கு அசைவும் கொடுத்துவிட்டார்கள். என் காய்களும் அவன் பேசும் ஒரு வரியும்தான் மிச்சம்.

வெள்ளைக் காயை வைத்துக்கொண்டே அக்கா சிரித்தாள். "ஏழு வருஷமாச்சு, இன்னும் உனக்கு ஆட வரலையேடி! மூளையைப் பிரிக்காம அப்படியே பெட்டியில வச்சிருக்க போல."

எனக்குச் சுரீரென்றது. அட, உனக்காக நான் தோற்றால் எனக்கே மூளை இல்லையா? கறுப்பை எடுத்து டொக்கென்று வைத்தேன். அடுத்ததையும் வைத்தேன். அரை மணி நேரத்தில் அவளுடைய இருபத்துமூன்று காய்களுக்கு நாலு பக்கமும் வழியில்லை. வளைத்த காய் வளைத்தவருக்கு; இரண்டு கையாலும் அள்ளி எடுத்தேன். அள்ளிய பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது.

"என்னடி இது?"

"கை தவறிடுச்சுக்கா."

"கை தவறி இருபத்துமூணு காயா?"

அக்கா பழைய புத்தகங்களை அலமாரியிலிருந்து இறக்கினாள். ஒவ்வொரு ஆட்டத்தையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இங்க நீ வச்சிருந்தா நான் காலி. இதுலயும் காலி. எல்லாத்துலயுமாடி?"

"மன்னிச்சுடுக்கா. உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல. இதைக் கலைச்சுட்டு இன்னொண்ணு ஆடலாம், ஒழுங்கா தோத்துடறேன்."

அவள் எழுந்தாள். ஏழு வருடமும் போச்சு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

தடாலென்று சத்தம். கண்ணைத் திறந்தால், அக்கா குதித்துக்கொண்டிருக்கிறாள்! ஒரு செருப்பு பறந்து போய் ஃபிரிட்ஜ் மேல் விழுந்தது.

"அடிக் கழுதை! இத்தனை நாள் இதை எங்கடி ஒளிச்சு வச்சிருந்த? எம்மாடி, என்னா அடி அடிச்சுட்ட!" மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

போன் அடித்தது, அக்கா எடுத்தாள். அனிமே டைரக்டர். "வசனம் எங்கம்மா?"

"நம்ம பையன் தோத்துட்டான் சார்."

"ஐயோ! குதிக்கிற சீனை முடிச்சாச்சே! இனிமே மாத்த முடியாதும்மா!"

"ஒரு கோடுகூட மாத்த வேணாம். அவன் குதிக்கட்டும்." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பையன் வாயருகே எழுதினாள்: 'அப்பாடா! இன்னிக்குத்தான்டா நீ என்கூட ஆடியிருக்க!'

பிறகு முதல் பக்கத்தைப் புரட்டி, அந்தப் பெருமை வரியை அடித்துவிட்டு, "இதில் உள்ள ஆட்டங்களில் கடைசி ஒன்று மட்டும் உண்மையாக ஆடப்பட்டது" என்று மாற்றினாள்.

"காயை வரைஞ்சுட்டு சீக்கிரம் வந்து உட்காரு. இன்னும் நாப்பத்தோரு ஆட்டம் இருக்கு" என்றாள், ஒற்றைச் செருப்போடு பலகையைத் துடைத்தபடி.