புகார் இல்லாத வீடு

அறுபத்திரண்டு ஆண்டுகளாக நாட்டுக்கே சிமெண்ட் படியளந்த கம்பெனி, தன் குடியிருப்புவாசிகளுக்கு மிகுந்த பெருமிதத்தோடு தெரிவித்துக்கொண்டது: மனிதகுலத்தின் முன்னேற்றத்தை முன்னிட்டு, வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஊர் இடிக்கப்படும். ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி.

அறிவிப்பின் அடியில் பொடியெழுத்தில் ஒரு வரி. எந்த வீட்டில் குடியிருந்தோம் என்று நிரூபிப்பவர்களுக்கு மாற்று வீடு உண்டு.

அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். சுண்ணாம்புப் பாறையைத் தவிர வேறெதுவும் இல்லாத பொட்டலில் கம்பெனி எழுப்பிய ஊர் அது. வீடு, விளக்கு, தண்ணீர், பள்ளிக்கூடம், பிரசவ அறை எல்லாமே கம்பெனியுடையவை. கூரையில் படிந்த தூசியும்தான். எதற்கும் ரசீது வந்ததில்லை. கடிதத்தில் 'மெயின் கேட்' என்று போட்டால் போதும், வந்துவிடும். வீட்டு எண்ணும் ஆள் பெயரும் சேர்ந்திருந்த ஒரே காகிதம், பராமரிப்பு ஆபீஸின் புகார்ப் புத்தகம்.

செவ்வாய்க்கிழமை குழாய்க்காரர் அந்த ஆபீஸ் வரிசையில் நின்றார். முப்பத்தொரு வருஷம் ஊர்க் குழாய்களையெல்லாம் பழுது பார்த்தவர். அவருக்கு முன்னால், நாற்பத்தெட்டாம் வீட்டு மனுக்காரர். தும்மல் வந்தாலும் புகார் எழுதுகிறவர் என்பதால் ஊர் வைத்த பெயர்.

"கக்கூஸ் கதவு மட்டும் பதினேழு தடவைப்பா," என்றார் மனுக்காரர், கல்யாண மாப்பிள்ளை தோரணையில். "ஜம்முனு வீடு வந்துருச்சு பாரு."

"அந்தக் கதவுல ஒண்ணுமே இல்லண்ணே. உங்களுக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியல, அவ்வளவுதான்."

"அது எனக்குத் தெரியாதா? சும்மா எழுதி வைப்போமேன்னுதான்."

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். சின்ன வயசு, சுத்தமான சட்டை. "நாப்பத்தாறு இருக்கு. நாப்பத்தெட்டு எக்கச்சக்கமா இருக்கு. நாப்பத்தேழு இல்லையே."

"இருக்காது சார். என் வீட்டுக் குழாயை நானே பாத்துக்குவேன். புகார் குடுத்தாலும் என்கிட்டதானே வரும்?"

"ஆனா குடுக்கல."

"ஒவ்வொரு பக்கத்துலயும் பாருங்க சார். 'சரி செய்யப்பட்டது'ன்னு இருக்கே, கீழ என் கையெழுத்து."

அதிகாரி மனசார வியந்தார். "அழகான கையெழுத்து. ஆனா இது நீங்க வேலை பாத்ததுக்குத்தான் அத்தாட்சி. குடியிருந்ததுக்கு இல்ல."

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க!"

"வாய்ச்சாட்சி செல்லாது," என்றார் அதிகாரி. "இவர் உங்க வீட்டைப் பத்தி ஏதாச்சும் புகார் எழுதியிருந்தா சொல்லுங்க, எடுத்துக்கலாம்."

மனுக்காரர் தலையைச் சொறிந்தார். "ஊர்ல எல்லார் மேலயும் எழுதியிருக்கேன். உன் மேல மட்டும் எழுதல. நல்ல மனுஷனாச்சேப்பா நீ."

வீட்டில் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். "சமையல்கட்டு ஒழுகுது, எழுதிக் குடுங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? குழாய்க்காரன் வீட்டுக் குழாயே ஒழுகினா ஊர் சிரிக்கும்னீங்க. இப்போ சிரிக்க ஊரும் இல்ல, ஒழுக வீடும் இல்ல."

புதன்கிழமை விடிந்ததும் அவர் ஸ்பேனரை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குழாயைக் கெடுத்தார். சொட்டுகிறதா என்று மூன்று முறை பார்த்துவிட்டு, புகாரை எழுதிக்கொண்டு ஓடினார்.

"பராமரிப்பு ஆள் வந்து பாத்துக் கையெழுத்துப் போட்டா பதிஞ்சுக்கலாம்," என்றார் அதிகாரி.

"பராமரிப்பு ஆள் நான்தானே சார்."

"உங்களைப் போன மாசமே நிறுத்தியாச்சே."

"அப்போ வேற யாரு?"

"யாரும் இல்ல."

வியாழக்கிழமை எட்டு மணிக்குச் சொன்னபடி இயந்திரம் வந்தது. அந்த நல்ல பழக்கம் கம்பெனிக்கு உண்டு. குழாய்க்காரரும் மனைவியும் கட்டிலைக் குறுக்கே சாய்த்து வாசல்வழி வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்ற வீட்டுக்காரர்களுக்குச் சாமான் எடுக்க மதியம் வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள்.

"எதுல ஆரம்பிக்கிறது சார்?" என்று கேட்டார் டிரைவர்.

அதிகாரி பட்டியலைப் பார்த்தார். அந்த வரிசையில் ஆளில்லாத வீடு ஒன்றுதான். நாற்பத்தேழு.