கூடாரத்துக்குக் காட்டிய சூடம்

என் பெயர் ஆத்மநாதன். மணமேல்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் சாரணர் ஆசிரியர். கூடாரம் அடிப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு நாள் பயிற்சியில் கற்றது. அதிலும் ஒன்றரை நாள் தூங்கிவிட்டேன். ஆனால் பிள்ளைகளிடம் இமயமலையிலேயே குடியிருந்தவன் மாதிரிதான் பேசுவேன்.

ஏற்காடு முகாமுக்காக மாவட்டச் சாரணர் அலுவலகத்தில் நாலு கூடாரம் கொடுத்திருந்தார்கள். அவற்றைச் சரியாக அடித்து, மடித்து, சேதமில்லாமல் வைத்திருந்தால்தான் முகாமுக்கு அனுமதி. பதினாறு பிள்ளைகளில் ஒருவரும் ஏற்காட்டைப் பார்த்ததில்லை. நானும்தான். அதை நான் வெளியே சொல்லவில்லை.

பாடம் எடுத்தேன். ஈரத்தோடு மடிக்கக் கூடாது. செருப்போடு உள்ளே போகக் கூடாது. நெருப்பைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

முதல் கூடாரம் சாயாமல் நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புது பைக் வாங்கினால் பூஜை போடாமல் ஓட்டுவோமா? சந்தனம், குங்குமம் வைத்தேன். வாசலில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பிறகு தட்டில் சூடம் ஏற்றி பயபக்தியோடு சுற்றினேன். கடல்காற்று வாசல் துணியைத் தூக்கித் தட்டில் போட்டது. பதறி அணைப்பதற்குள் கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

“சார், நெருப்பக் கொண்டாரக் கூடாதுன்னு சொன்னீங்களே?” என்றாள் ஒன்பதாம் வகுப்பு சிவரஞ்சனி.

“சாமி நெருப்பு வேறம்மா” என்றேன். இப்படியும் ஒரு வாத்தியார்.

மறுநாள் பார்வையிட வந்த மாவட்ட அதிகாரி பிரகதாம்பாள் மேடம் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். “யாரு பண்ணுனது? உண்மையச் சொல்லலேன்னா ஒருத்தரும் போக முடியாது.”

நான் ரொம்ப அக்கறையாகக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சிவரஞ்சனி எழுந்தாள்.

“நான்தான் மேடம். தெரியாமப் பண்ணிட்டேன்.”

“அப்ப நீ வர வேணாம். மத்தவங்க போகட்டும்.”

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பே கூசிப்போயிற்று.

“மேடம், அது நான்தாங்க. சூடம் காட்டுனேன்.”

“கூடாரத்துக்கா?”

“ஆமாங்க.”

மேடம் சிரிப்பை அடக்கியது நன்றாகவே தெரிந்தது. “புள்ளைங்க எல்லாரும் போகட்டும். வேற கூடாரம் தாரேன். கூட உங்க ஸ்கூல் மோகனப்ரியா டீச்சர் போவாங்க. நீங்க இருங்க.”

கிளம்புகிற அன்று வழியனுப்பப் போனேன். சிவரஞ்சனி பஸ்ஸில் ஏறியதைப் பார்க்க நிம்மதியாக இருந்தது. வயிற்றெரிச்சலும் இல்லாமல் இல்லை. பஸ் நகர்ந்தது. ஒரு பிள்ளையாவது திரும்பிப் பார்க்கும் என்று கையைத் தூக்கியபடி நின்றேன். உள்ளே எல்லோரும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.