தப்பித்துக்கொண்டவள்

பள்ளிக்கூடத்தில் இரண்டு வீட்டாரையும் வட்டமாக உட்கார வைத்துப் பேசப் போகிறார்கள் என்று கேட்டதுமே வேலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மகள் வைஷ்ணவியின் சடையை, வலை நறுக்கும் கத்தரியால் பாதியோடு வெட்டியிருக்கிறாள் கூடப் படிக்கும் திவ்யா. அவளைப் பள்ளியை விட்டு நிறுத்தாமல் பேச்சு என்ன வேண்டிக் கிடக்கிறது?

"வெட்டினவளையும் வெட்டுப்பட்டவளையும் ஒண்ணா குந்த வச்சா, எம்பொண்ணுக்கு இன்னா ஞாயம் டீச்சர்? குத்தம் பண்ணவ சாரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டு தப்பிச்சிக்குவா."

"தண்டன குடுக்கறது சுலபம்மா. நாளைக்கும் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதானே குந்தணும்," என்றாள் பிரின்சி டீச்சர்.

வேலம்மா அதற்கெல்லாம் மசிகிறவளா? கோட்டைக்குப்பத்தில், ஏரியில் யார் என்றைக்கு வலை போடுவது என்று ஊர்தான் முறை வைக்கும். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டை நிறுத்தினால் வீட்டில் அடுப்பு நின்றுவிடும். புருஷன் துளசிங்கத்தைக் கிளப்பிவிட்டு, ஊர்க் கூட்டத்தில் பேச வைத்து, திவ்யாவின் அப்பா மோகன்குமாருடைய பாட்டை நிறுத்திவிட்டுத்தான் ஓய்ந்தாள். அதன் பிறகே வட்டத்துக்குப் போனாள், ஜெயித்த முகத்தோடு.

மோகன்குமார் பித்தான் போன சட்டையோடு உட்கார்ந்திருந்தான். மனைவி விட்டுப் போன பிறகு பெண்ணைத் தனியாக வளர்க்கிறவன். ஏன் வெட்டினாய் என்று டீச்சர் எத்தனை தரம் கேட்டும் திவ்யா வாயே திறக்கவில்லை.

திறந்தது வைஷ்ணவி. "நான்தான் டீச்சர் மொதல்ல பேசினேன். 'உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்காமதான் உங்கம்மா ஓடிப்போயிட்டா'ன்னு எல்லார் எதிர்லயும் சொன்னேன்."

கருவாடு காயப்போடும் இடத்தில், மற்ற பெண்களைச் சிரிக்க வைப்பதற்காக, திவ்யாவைப் பற்றி வேலம்மாவே சொன்ன பேச்சு அது. மகள் பக்கத்தில் நெத்திலி புரட்டிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

"இந்தப் பேச்ச எங்க கத்துக்கின?" என்று டீச்சர் கேட்டாள்.

வைஷ்ணவி தாய் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை. "நானாதான் சொன்னேன் டீச்சர்."

குற்றம் செய்தவள் தப்பித்துக்கொள்வாள் என்று வேலம்மா பயந்தாளே, இதோ அவளேதான் தப்பித்துக்கொண்டிருக்கிறாள். பாதிச் சடையோடு மகள் தன்னைக் காப்பாற்றுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "அது எம்பேச்சு டீச்சர். நான் சொன்னத்த புள்ள கேட்டுகினு வந்துச்சு," என்றாள். மோகன்குமாரைப் பார்த்துக் கைகூப்பினாள். அவன் தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஊர்க் கூட்டத்தில், பெண்கள் நிற்காத இடத்தில் போய் நின்றாள். துளசிங்கம் பதறிப்போய், "நீ போ, நான் பேசறேன்," என்றான்.

"நீ அன்னிக்குப் பேசினதே நான் சொல்லிக் குடுத்ததுதானே," என்று அவனை அடக்கிவிட்டு, தலைவர் கிருஷ்ணனிடம் சொன்னாள்: "மோகன் அண்ணன் பாட்ட திருப்பிக் குடுத்துடுங்க. அவுரு வலை போடாம போன நாளுக்கு எங்க பாட்ட விட்டுக் குடுக்கறோம். தப்பு எம்மேல."

"அப்படி இன்னாம்மா பண்ண?" என்றார் தலைவர்.

எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்துவிடத்தான் வந்திருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மோகன்குமார் எழுந்துவிட்டான். "அத்த இங்க சொல்ல வேணாம் தலைவரே. எம்பொண்ணு ஒருவாட்டி கேட்டதே போதும்."

கூட்டம் பாட்டைத் திருப்பிக் கொடுத்து, பேச்சை அதோடு விட்டுவிட்டது. காலையில் மகள் மறைத்தாள், இப்போது இவன். நாலு பேர் எதிரில் அவன் காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை என்று வீட்டுக்கு நடக்கும்போது வேலம்மாவுக்கு அழுகை வந்தது.