பின்னறைக் கூரை

கூரை மாற்றவேண்டும் என்ற பேச்சு வந்த அன்றைக்கே ராசமலர் எல்லாவற்றையும் திட்டமிட்டுவிட்டாள் என்று பிறகு டென்மார்க்கின் ஹ்விடோவ்ரே ஊர்த் தமிழர்கள் கதைத்தார்கள். அது உண்மையில்லை. அன்றைக்கு அவளிடம் இருந்தது கோபம் மட்டும்தான். வழி பிறகுதான் கிடைத்தது. அதையும் பக்கத்து வீட்டுக்காரரே கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் சிறீஸ்கந்தராசா. ஒரே கூரையின் கீழ், நடுச்சுவர் ஒன்றைப் பொதுவாக வைத்துக் கட்டிய இரட்டை வீடு அது. அவரும் ராசமலரின் கணவர் சிவானந்தனும் டென்மார்க்குக்கு வந்த புதிதில் ஒரே அகதி முகாமில் இருந்தவர்கள். பிறகு ஆளுக்கொரு பாதியாக வீட்டை வாங்கினார்கள். ராசமலர் அவரை ஸ்கந்தண்ணை என்பாள். அவருடைய மகன் கிருஷாந்தும் அவளுடைய மகள் தனுசியாவும் கூடப்பிறந்தவர்கள் போல வளர்ந்தார்கள்.

தனுசியா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. முதல்முறை வந்தபோது சிவானந்தன் வேலையில் இருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை பிள்ளையின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தவர் ஸ்கந்தண்ணைதான். ஆஸ்பத்திரியில் ராசமலர் அவருடைய கைகளைப் பிடித்து, இது வெளியில் போகக்கூடாது, பெண்பிள்ளை, என்று கெஞ்சினாள். தனுசியா எனக்கும் பிள்ளைதான் என்று அவர் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

மருந்தோடு வலிப்பு வருத்தம் அடங்கிவிட்டது. தனுசியா படித்துத் தாதியானாள். லண்டன் மாப்பிள்ளை ஒருவரோடு பேச்சு வந்தபோது தன் வருத்தத்தைப் பற்றி அவனிடம் தானே சொன்னாள். அதிலென்ன இருக்கிறது என்றான் அவன். மண்டபம் எடுத்து, கூறைச்சேலை வாங்கி, பத்திரிகையும் கொடுத்த பிறகு ஒருநாள் மாப்பிள்ளையின் தாய் தொலைபேசி எடுத்தார். இவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துவிட்டீர்களே என்றார். சிறீஸ்கந்தராசா அண்ணை தங்களுக்குத் தூரத்து உறவென்றபடியால் தப்பினோம், அவர் சொல்லியிருக்காவிட்டால் ஏமாந்திருப்போம் என்றார். மாப்பிள்ளைப் பையன் தனக்கு ஒன்றும் தெரியாது என்று தாய்க்குப் பின்னால் நின்றுகொண்டான்.

தனுசியா அழவில்லை. ஓகூஸ் என்ற தூரத்து நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வருவது அரிதாகிவிட்டது. சிவானந்தனோ, ஸ்கந்தர் நல்லதுக்கென்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார், விட்டுவிடு என்றார். ராசமலர் விடவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை. தான் சொன்னது அவளுக்குத் தெரியும் என்பது ஸ்கந்தண்ணைக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் கோயில் பிரசாதத்தோடு வேலிக்கு மேலால் கையை நீட்டுவார். அவளும் சிரித்துக்கொண்டு வாங்குவாள். உள்ளே வந்ததும் குப்பைத் தொட்டியில் போடுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் கூரைப் பிரச்சினை வந்தது. பழைய அஸ்பெஸ்ரஸ் தகடுகளில் பாசி ஏறி விளிம்புகள் உதிரத் தொடங்கியிருந்தன. ஒரே கூரையென்பதால் ஒரு பாதியை மட்டும் மாற்ற முடியாது. ஸ்கந்தண்ணை கோயில் சபைத் தலைவர், எப்போதும் அலுவலாகத் திரிபவர். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகவும் பயணச்சீட்டு எடுத்திருந்தார்.

"மலர், நீர் பாத்துச் செய்யும். ஒரு சாமானைத் தெரிவு செய்யிறதெண்டால் உம்மட்டைத்தான் விடலாம். நீர் என்ன சொல்லுறீரோ, அதுதான் எனக்கும்" என்றார்.

ராசமலர் நேர்மையாகத்தான் தொடங்கினாள். மண் ஓடு பாரம். பழைய மரச்சட்டங்கள் தாங்காது. தகரத்தில் மழை விழுந்தால் நித்திரை கொள்ள முடியாது. கடைசியில் ஷிங்கிளுக்கு வந்தாள். கண்ணாடி நார்ப் பாயைத் தாரில் தோய்த்து, மேலே கல்மணி தூவிச் செய்கிற மெல்லிய ஓடு அது. பாரம் குறைவு, ஆணி அடித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகலாம். கடைக்காரர் கொடுத்த மாதிரித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து உறைபெட்டியில் மீன் பொதிகளுக்கு மேலே அடுக்கினாள். மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்து வளைத்துப் பார்த்தாள். மலிவானவை அப்பளம் போல உடைந்தன. ரப்பர் கலந்த தாரில் செய்த ஒன்று மட்டும் கல்லுப்போல் குளிர்ந்திருந்தும் முறியாமல் வளைந்து கொடுத்தது. கருஞ்சாம்பல் நிறம். அதையே இரண்டு வீட்டுக்கும் என்று முடிவு செய்தாள்.

கூரை வேலைக்கு றொனிஷனைப் பிடித்தாள். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன், இங்கே பிறந்து வளர்ந்து, சொந்தமாக ஆட்களை வைத்து வேலை செய்பவன். ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, அன்ரி எடுத்த ஷிங்கிள் திறம் என்றான். வெயில் காலத்திலேயே போட்டுவிட வேண்டும், அப்போதுதான் சூட்டுக்கு ஓடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும், குளிரில் போட்டால் காற்று தூக்கிவிடும் என்றான். பிறகு ஸ்கந்தண்ணை வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினான். அங்கே அவர் சில வருடங்களுக்கு முன்பு ஒரு பெரிய அறையை இழுத்துக் கட்டியிருந்தார். சனம் கூடினால் இருத்துகிற அறை அது.

"அதின்ரை கூரை சரிவு காணாது அன்ரி. அதுக்கு ஷிங்கிள் சரிவராது. பனி உருகி ஓடி, விளிம்பிலை போய்த் திரும்ப உறையும். அது வரம்பு மாதிரி நிண்டு தண்ணியை மறிக்கும். மறிச்ச தண்ணி ஓட்டுக்குக் கீழாலை ஏறி உள்ளுக்கு வந்திடும். அங்கை மட்டும் தார்த் தாளை நெருப்புப் பிடிச்சு ஒட்டுவம். இல்லாட்டில் ஷிங்கிளுக்குக் கீழை முழுக்கத் தண்ணி புகாத ஒட்டுத்தாள் விரிக்கவேணும்."

ராசமலர் நிமிர்ந்து அந்தத் தட்டையான கூரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, அது சனம் கூடுகிற அறை என்பது அவளுக்கு உறைத்தது. அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.

அவள் ஸ்கந்தண்ணையிடம் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அவர் அழைத்தபோது, சாமான் நல்லது, எல்லாம் ஒரே நிறமாக வடிவாக வரும் என்று மட்டும் சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார். றொனிஷனிடம், அவர் எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்கிறார், ஒட்டுத்தாளும் வேண்டாமாம் என்றாள். றொனிஷன் தலையைச் சொறிந்தான். அந்த இடத்துக்கு நான் பொறுப்பெடுக்க மாட்டேன் என்றான். அதுவும் அவருக்குத் தெரியும் என்றாள் ராசமலர். பொய் அவ்வளவு லேசாக வாயில் வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது.

ஊரிலிருந்து திரும்பி வந்த ஸ்கந்தண்ணை தெருவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, கோயிலில் எல்லோரிடமும் ராசமலரின் கெட்டித்தனத்தைச் சொன்னார். அவள் காத்திருந்தாள். இலையுதிர்கால மழைக்கு அந்த அறை ஒழுகவில்லை. மார்கழியில் பனி வந்தது, அதற்கும் ஒழுகவில்லை. பல தடவை, போய்ச் சொல்லிவிடலாமா என்றும் நினைத்தாள். அப்போதெல்லாம் பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் கிடந்த கூறைச்சேலை ஞாபகத்துக்கு வரும். பேசாமல் இருந்துவிடுவாள்.

தை பிறந்ததும் கிருஷாந்துக்குக் கலியாணம். பெண் ஓடென்ஸ ஊர். தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கான பொன்னுருக்கலை மாப்பிள்ளை வீட்டுப் பின்னறையிலேயே வைத்தார்கள். அந்தக் கிழமை முழுவதும் பனி கொட்டியிருந்தது. அன்று காலை வெயில் எறித்தது. சனம் நிறைந்த அறையில் ஹீற்றரும் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ராசமலர் பட்டுச்சேலையில் முன்வரிசையில் இருந்தாள். ஸ்கந்தண்ணையின் மனைவி லோஜினியக்கா அவளைத்தான் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டிருந்தார்.

தாலிக்கான பொன்னை உருக்குகிறவர் சட்டியில் கரியை மூட்டி ஊதத் தொடங்கியபோது கூரைத்தட்டில் ஒரு ஈரத் திட்டைக் கண்டவள் அவள் மட்டும்தான். அது மெல்ல அகன்றது. முதல் சொட்டு வெள்ளை விரிப்பில் விழுந்தது. பெண்ணின் தாய் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கணம் தட்டின் பொருத்து விட்டுத் தண்ணீர் கரிச்சட்டிக்கு மேலேயே ஊற்றியது. நெருப்புச் சீறி அணைந்தது. சாம்பல் கரைந்து நிறைகுடத்துக்குப் பக்கத்தால் ஓடியது.

 ஸ்கந்தண்ணை நனைந்த சால்வையோடு அணைந்த கரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாய் திறந்தபடி இருந்தது. அந்த முகத்தைத்தான் ராசமலர் இத்தனை வருடமாக மனதுக்குள் வரைந்து வைத்திருந்தாள். ஆசை தீரப் பார்த்தாள். வாளி எடுக்க ஓடிய கிருஷாந்தை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை.

பெண் வீட்டார் சாப்பிடாமல் புறப்பட்டார்கள். தாலிப்பொன் நெருப்பு அணைந்த வீட்டில் மகளை எப்படி விடுவது என்று பெண்ணின் தாய் அழுகிறாராம், கலியாணத்தைத் தள்ளி வைக்கக் கேட்கிறாராம் என்று மறுநாள் சிவானந்தன் வந்து சொன்னார். தள்ளி வைத்தால் நின்றது மாதிரித்தான். ராசமலர் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அப்படியா என்றாள்.

அதற்குள் ஸ்கந்தண்ணை றொனிஷனைக் கூப்பிட்டுச் சத்தம் போட, அவன் நடந்ததைச் சொல்லிவிட்டான். அவரும் லோஜினியக்காவும் நேரே ராசமலரின் சமையலறைக்கு வந்தார்கள். ஒட்டுத்தாள் வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன் என்று அவர் கேட்டார். சிவானந்தன் ஒன்றும் விளங்காமல் மனைவியைப் பார்த்தார்.

"நீங்கள் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்" என்றாள் ராசமலர். "ஒழுகுமெண்டு எனக்குத் தெரியும்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. கதிரையை இழுத்து உட்கார்ந்தார். லண்டன் மாப்பிள்ளை வீட்டார் உறவுக்காரர், பிறகு தெரியவந்தால் என்னைக் குறை சொல்வார்கள் என்று பயந்துதான் சொன்னேன் என்றார். அவர் சொன்னது பொய்யாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. இவ்வளவு சின்னக் காரணத்துக்கா என்று இருந்தது.

"மலர், சம்பந்தி வீட்டுக்கு நீர் ஒருக்கால் சொல்லும். அது சகுனம் இல்லை, கூரைப் பிழையெண்டு உம்மடை வாயாலை சொன்னால் நம்புவினம். கிருஷாந்த் உமக்கு என்ன செய்தவன்?"

"என்ரை பிள்ளை உங்களுக்கு என்ன செய்தவள்?"

லோஜினியக்கா அழத் தொடங்கினார். அவருக்கும் இது புதிய செய்தி. சிவானந்தன், சொல்லிவிடப்பா என்று மனைவியிடம் மெல்லச் சொன்னார். ராசமலர் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொல்லுறன். ஆனால் முதல் நீங்கள் சொல்லவேணும். நான் ஏன் அப்பிடிச் செய்தனான் எண்டு அவையள் கேப்பினம்தானே. தனுசியாவுக்கு நீங்கள் செய்ததை உங்கடை வாயாலை அவையளுக்குச் சொல்லுங்கோ. எனக்கு முன்னாலை."

 கோயில் சபைத் தலைவர், ஒலிவாங்கியைப் பிடித்தால் விடாதவர், தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணை அழுத்த முடியாமல் தடுமாறினார். கடைசியில் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் வைத்தார். பெண்ணின் தகப்பன் எடுத்தார்.  நம்பி ஒப்படைத்த விஷயத்தை வெளியில் சொல்லி ஒரு பெண்பிள்ளையின் கலியாணத்தைக் குழப்பியவன் நான், அந்தப் பிள்ளையின் தாய்தான் இப்போது பக்கத்தில் இருக்கிறா என்பதை ஸ்கந்தண்ணை திக்கித் திக்கிச் சொல்லி முடித்தார். என்ன வருத்தம், எந்தப் பிள்ளை என்று அந்தப் பக்கம் கேட்டது. அதையும் சொல்லவேண்டி வந்தது. ராசமலர் தடுக்கவில்லை. அவர் குரல் உடைவதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் தன் பங்கைச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பெண்ணின் தாய் தொலைபேசியை வாங்கி, அப்போ மனுசர் செய்த வேலைதான் என்று பெருமூச்சு விட்டார். இப்படியான அயலுக்குள் மகளை விடப்போகிறோமே என்றும் சேர்த்துச் சொன்னார். கலியாணம் சொன்ன நாளிலேயே நடந்தது. பொன்னை வேறிடத்தில் வைத்து உருக்கினார்கள். சிவானந்தன் மட்டும் போய் வந்தார். அதற்கு முன்பே, அந்தத் தொலைபேசி முடிந்த கையோடு, ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், கிருஷாந்தோடு சேர்ந்து பனியை வழித்துவிட்டு அந்தக் கூரைக்குத் தண்ணீர் புகாத படங்கு விரித்துக் கட்டியதும் அவர்தான்.

கதை ஓகூஸுக்குப் போக நாளெடுக்கவில்லை. தனுசியா அழைத்தாள். தாய் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறவள், அன்றைக்குத் தமிழில் பேசினாள்.

"முதல் தரம் அவர் சொன்னார். இந்த முறை நீங்கள் சொல்ல வைச்சிருக்கிறியள். ஓடென்ஸ முழுக்க இப்ப என்ரை வருத்தம் தெரியும். ஆரெண்டாலும் என்னட்டைக் கேட்டனீங்களா, அம்மா?"

 உனக்காகத்தான் என்று ராசமலர் தொடங்கினாள். தனுசியா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வெயில் காலம் வந்ததும் றொனிஷன் வந்து பின்னறையில் ஷிங்கிளைக் கழற்றி, தார்த் தாளை உருக்கி ஒட்டினான். ராசமலருக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு ஏணியில் ஏறினான். வேலிக்கு மேலால் இப்போது ஒருவரும் கை நீட்டுவதில்லை. தனுசியா சில ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பை எடுக்கிறாள், சில ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பதில்லை.

நீ செய்தது சரியென்று இப்போதும் நினைக்கிறாயா என்று சிவானந்தன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார். மகளை நினைத்தால் இல்லை என்றாள் ராசமலர். சோற்றைக் கொஞ்சம் பிசைந்துவிட்டு, ஆனால் அந்த மனிதன் இந்த மேசையில் இருந்து வார்த்தை வராமல் தவித்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு குளிர்கிறது என்றாள். சிவானந்தன் தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அவள் மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தாள்.