டாலிவர் கவுண்டியில் நகர்ந்துபோன மண்டபம்

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், டாலிவர் கவுண்டி என்ற சிறு மாவட்டத்தில், குடியரசுக் கட்சியின் மண்டபம், மார்ச் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை காலை பதினொரு மணி பத்து நிமிடத்துக்கு, நட்டநடுவில் பிளந்து, இரண்டு துண்டாகி, எதிரெதிர்த் திசையில் நகரத் தொடங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. காபி அண்டா ஒன்று கவிழ்ந்தது, அதுவும் பாதி காலியாகத்தான் இருந்தது. அறுபது குடும்பங்கள் சேர்ந்து ஒன்பதே நாளில் ஓக் பலகையால் இழைத்துக் கட்டிய மண்டபம் அது. சூறாவளி மூன்று முறை வந்து பார்த்துவிட்டு ஓடு மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

தவறு வெர்னா டோலஜாலுடையது. பத்தொன்பது வருடமாக அவள்தான் கவுண்டியில் கட்சித் தலைவி, பிழைப்புக்கு மாட்டுச் சந்தையில் ஏலம் கூறுபவள். காதைச் சொறிகிறவன் விலை கேட்கிறானா, வெறுமனே சொறிகிறானா என்று நாற்பது கெஜத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அந்த மண்டபத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கிழக்குச் சுவருக்கும், எதிர்ப்பவர்கள் மேற்குச் சுவருக்கும் போய் நிற்க வேண்டும். தலைகளை எண்ணி முடித்தபின் நடு மேசையில் ரூபார்ப் பை என்ற புளிப்பினிப்புப் பணியாரத்தை வெட்டுவார்கள். ஒருவரை ஒருவர் துரோகி என்று அப்போதுதான் திட்டிக்கொண்டவர்கள் தட்டோடு ஒரே வரிசையில் நின்றாக வேண்டும். வரிசை நீண்டுபோகிறது, அரை மணி மிச்சமாகுமே என்று வெர்னா அந்த வருடம் இரண்டு சுவரோரமும் தனித்தனியாகப் பை வைக்கச் சொன்னாள். அந்த யோசனையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பழுதாகி மூடிக் கிடந்த உல்ஃப் ஓடைப் பாலத்தைப் புதிதாகக் கட்டுவது பற்றிய தீர்மானம். எண்ணி முடித்தார்கள், அவரவர் சுவரோரம் அவரவர் பையைத் தின்றார்கள், ஒருவரும் நடுவுக்குத் திரும்பவில்லை. அப்போதுதான் பலகைகள் பிடி விட்டன.

மே மாதத்துக்குள் இரண்டு நான்காயிற்று. வரியே கூடாது என்பவர்களின் துண்டு தானியக் களஞ்சியத்தின் பக்கம் போயிற்று. அதற்குத் தலைமை வெர்னாவின் தம்பி மிலோ. தேவாலயக்காரர்களின் துண்டு கல்லறைத் தோட்டம் வரை போய் நின்றது. மாநில அரசின் பணத்தில் பாலம் கட்டினால் நிபந்தனையும் கூடவே வரும் என்றார்கள். பழைய வியாபாரிகளின் துண்டு வங்கி நிழலுக்குப் போய், பாலத்துக்குச் சுங்கம் போடலாம் என்றது. கிரெய்க் ஹாவர்காம்ப் என்ற டிராக்டர் விற்பனையாளரின் துண்டு கொடி பறக்க நெடுஞ்சாலைக்குப் போய், வெளிநாட்டு இரும்பு ஓர் ஆணிகூட வரக்கூடாது என்றது. ஒவ்வொரு துண்டிலும் இருந்தவர்கள் தாங்கள் அசையவே இல்லை, மற்ற மூன்றும்தான் நகர்கின்றன என்று சத்தியம் செய்தார்கள். பாலம் மூடியே கிடந்தது. சோள லாரிகள் இருபத்திரண்டு மைல் சுற்றிப் போயின.

பழைய இடத்தில் மிஞ்சியது பன்னிரண்டடிச் சதுரத் தளமும் தலைவியின் மேசையும்தான். சுவர் இல்லை, கூரை இல்லை. மழை பெய்தால் வெர்னா நனைந்தாள். தவறு புரிந்து நடுவில் மறுபடி பை வைத்துப் பார்த்தாள், யாரும் வரவில்லை. நான்கு துண்டிலும் இப்போது தனித்தனிப் பை இருந்தது, மற்றவர்கள் வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின் போடுகிறார்கள் என்ற புகாரும் இருந்தது. மிலோ ஒருநாள் லாரியை நிறுத்திவிட்டுத் தளத்தின் ஓரமாக வந்து நின்றான்.

"என்ன வெர்னா, விலை போகாத மாடு மாதிரி தனியா நிக்கிற?"

"விலை போகலன்னு யார்டா சொன்னா? ஏலம் இன்னும் முடியல."

"எங்க பக்கம் வந்துடு. கூரையாவது இருக்கு."

"கால்வாசிக் கூரைய வச்சுக்கிட்டு பேச்சப் பாரு. மிச்ச முக்கால்வாசி எங்க?"

"அவனுங்கல்லாம் கட்சியே இல்ல."

"அவங்களும் உன்னப் பத்தி அதேதான் சொல்றாங்க. அந்த ஒரு விஷயத்துலயாவது நாலு பேரும் ஒத்துப் போறீங்களே."

ஜூலையில் சோயா விவசாயி ஒருவர், சுற்றிப் போய்ச் சலித்து, மடக்கு நாற்காலியோடு வந்து தளத்தை ஒட்டிப் புல்லில் உட்கார்ந்தார். நாற்காலியின் கால் பட்ட இடத்தில் ஒரு பலகை முளைத்தது; அதே ஓக், அதே ஆணி வரிசை. மறுநாள் ஒரு தாதி வந்தாள், அவளுக்கும் ஒன்று. எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தக் கவுண்டியில் ஒரு பேருந்து நிறையத்தான் தேறுவார்கள், அவர்களிலும் பாதிப் பேர் வந்தார்கள். பலகை அவர்களுக்கும் பாகுபாடு பார்க்கவில்லை. நடுவில் உட்கார்ந்தவர்களிடம் கொடியும் கிடையாது, பாட்டும் கிடையாது, அதனால் கூட்டம் சீக்கிரம் முடிந்தது. பாலம் வேண்டும், அதற்கு யார் பேரம் பேசி முடிப்பார்கள் என்பதுதான் அவர்கள் பேச்சு. எல்லாரும் வெர்னாவைப் பார்த்தார்கள்.

பாலத்தை முடிவு செய்கிற கவுண்டி மன்றத்தின் தேர்தலில் கட்சி இல்லாமல் நிற்பதென்றால் தலைமையை விட வேண்டும். பதினெட்டு வயதிலிருந்து அவள் வேறெந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போட்டதில்லை. மூன்று நாள் ஏலத்தில் அவள் மனம் ஓடவில்லை. சந்தையில் மாடுகள் மலிவாகப் போயின. நான்காம் நாள் ராஜினாமா எழுதினாள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாததால் நான்கு பிரதி எழுதி நான்கு துண்டுக்கும் அனுப்பினாள். கட்சியின் வேட்பாளராக நின்றவர் கிரெய்க். கண்காட்சித் திடலில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "அந்தம்மா எந்தக் கட்சின்னு அந்தம்மாவுக்கே தெரியாது" என்றார். வெர்னாவுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதே இல்லை.

"தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாலயே இந்தக் கட்சிக்கு வீடு வீடா ஏறி இறங்கினவ நான். அத விடு. பாலத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லு, கேக்கறேன்."

கிரெய்க் இரும்பைப் பற்றிப் பேசினார்.

நவம்பரில் வெர்னா அறுபத்துமூன்று ஓட்டில் ஜெயித்தாள். தோற்றதற்கு மற்ற மூன்றும்தான் காரணம் என்று நான்கு துண்டும் அறிக்கை விட்டன. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று மிலோவிடம் அவள் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் காலை, தளத்தில் களஞ்சியத்தைப் பார்த்த ஓரத்தில், ஓர் ஆளின் இரண்டு பூட்ஸ் அகலத்துக்கு ஒரு பலகை புதிதாக இருந்தது. வெர்னா அதன்மேல் போய் நின்று, வெகுநேரம் களஞ்சியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் நடுத்தளத்தில் முதல் கூட்டம். பாலம் ஒருவழியா, இருவழியா என்பதில் சத்தம் ஏறி, விவசாயி தாதியைப் பார்த்துத் துரோகி என்றார். தளத்தின் குறுக்கே மெல்ல ஒரு விரிசல் ஓடியது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வெர்னா குனியவில்லை, இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து, இடுப்பில் கையூன்றி நின்று, ஏலத்துக் குரலில் இரு தரப்பையும் மாறி மாறிக் கூப்பிட்டாள். நான்கு மணி நேரம் அப்படியே நின்றாள். பாலம் இருவழியாகவே கட்டப்பட்டு மறு வருடம் திறந்தது. விரிசல் இரண்டு அங்குலத்தோடு நின்றுவிட்டது. நில அளவைக்காரர் வருடத்துக்கு ஒருமுறை வந்து அளந்து அதே எண்ணை எழுதிவிட்டுப் போகிறார். கூட்டத்துக்கு வரும் பெண்கள் குதிகால் உயர்ந்த செருப்பு போடுவதை நிறுத்திவிட்டார்கள்.