மம்பெத்தின் நிலத்தில் உருளைக்கிழங்கு

ஏரிக்கரைக் கிராமமான தாஷ்-புலாக்கில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை உல்ஜானை ஊரே 'டைரக்டர்' என்றுதான் கூப்பிடும். அதே ஊரில் இன்னொரு டைரக்டரும் உண்டு. அது பக்கத்து நிலத்துக்காரன் மம்பெத்தின் கழுதை.

அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டதல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண விருந்தில், தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கூட்டாகத் தோட்டம் போடப் போவதாக உல்ஜான் சொன்னாள். எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து ஆட்டெலும்பைக் கடித்துக்கொண்டிருந்த மம்பெத், "பிள்ளைங்களை மிரட்டினது போதாதா? இனிமே முள்ளங்கியையும் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெக்கப் போறியா?" என்று கேட்டான். பந்தியே சிரித்தது. உல்ஜான் லேசுப்பட்டவளா? "மூளைன்னு ஒண்ணு உன் வீட்ல உன் கழுதைக்கு மட்டும்தான் இருக்கு மம்பெத். அதைக் கேட்டுட்டு வந்து பேசு" என்றாள். பந்தி இன்னும் பலமாகச் சிரித்தது. மறுநாள் காலையிலேயே கழுதைக்குப் பெயர் சூட்டு விழா முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், அடுத்தடுத்த நிலத்தில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆனால் பேசாமல் இருக்கவும் இருவராலும் முடியாது. மம்பெத் கழுதையின் காதருகே குனிந்து, ஊருக்கே கேட்கிற குரலில், "டைரக்டர், எதுக்கு எல்லா விஷயத்துலயும் போய் வாயை வெக்கிறே?" என்பான். உல்ஜான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதே கழுதையிடம், "உன் எசமானர்கிட்ட சொல்லு, அவரோட ஆடு நேத்தும் எங்க கோஸை மேஞ்சிருக்கு" என்பாள். கழுதை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காதை ஆட்டும்.

தோட்டம் என்று பெயரே தவிர, உல்ஜானும் பெண்களும் எடுத்துக்கொண்ட நிலம் கல்லுக்காடு. அந்தக் காலத்துக் கூட்டுப்பண்ணையின் இடிந்த கொட்டகைக்குப் பக்கத்தில், யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த துண்டு. ஒரு ஓரத்தில் கோஸும் கேரட்டும் வந்தன. மீதியைக் கொத்த ஆள் இல்லை. ஆண்களில் பாதிப் பேர் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தார்கள். மீதிப் பேருக்கு இடுப்பு வலி.

அதனால்தான் அந்த வசந்தத்தில் உல்ஜான் ஒரு யோசனை செய்தாள். தலைநகர் பிஷ்கெக்கில் இருக்கிற படித்த ஜனங்களுக்கு 'கிராமத்தில் இரண்டு நாள்' என்று ஒரு பட்டறை. மண் கொத்தலாம், கிழங்கு நடலாம், ரொட்டி சுடலாம், பால் கறக்கலாம். செல்போனில் அறிவிப்பைப் போட்டாள்.

அவளுடைய நாத்தனார் பெகிமை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, ஏரியில குளிக்க வருவாங்க, சரி. பாதாமி மரம் பூத்திருக்கு, போட்டோ எடுக்க வருவாங்க, அதுவும் சரி. மண்ணு கொத்துறதுக்கு எவனாவது இவ்வளவு தூரம் வருவானா?"

ஒரு வேன் நிறைய வந்தார்கள்.

சனிக்கிழமை காலை, ஏரிப் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. எல்லார் காலிலும் புத்தம் புது பூட்ஸ். மதினா என்று ஒரு பல் டாக்டர், இறங்கியதும் இறங்காததுமாக மண்வெட்டி எங்கே என்று கேட்டாள். ஸ்லாவா என்ற நெட்டைப் பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். முப்பது வயசாகியும் கோழியை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லையாம். கோழியும் அவனை அப்படித்தான் பார்த்தது.

உல்ஜான் கொட்டகையின் கீழ்வாசலில் நின்று, வகுப்பெடுக்கிற குரலில் சொன்னாள்: "கொட்டகைக்கு இடது கைப் பக்கம் இருக்கிறதுதான் நம்ம நிலம். மண்ணு இறுகிப் போயிருக்கும், பயப்படாதீங்க. இன்னிக்கு முடிஞ்ச வரைக்கும் கொத்துங்க. நான் போய் வாய்க்கால் தண்ணிக்கு முறை வாங்கிட்டு வர்றேன். ராத்திரி பாய்ஞ்சு ஊறினா, நாளைக்குக் கிழங்கு வெச்சிடலாம். விதைக்கிழங்கு மூட்டை உள்ள இருக்கு. அதுல கை வெக்காதீங்க."

சொல்லிவிட்டு, ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் சாத்திபல்தியைத் தேடிப் போனாள். சாத்திபல்தி லேசில் அகப்படுகிற ஆள் இல்லை. அகப்பட்டாலும் தண்ணீர் லேசில் கிடைக்காது. மேல்மதகு வரைக்கும் நடந்து, அவனோடு டீ குடித்து, சண்டை போட்டு, மறுபடி டீ குடித்து, அவனுடைய மகனின் கணக்குப் பரீட்சை பற்றி ஒரு வார்த்தை நயமாக எடுத்துவிட்டு, அப்புறம்தான் மடை திறந்தது. அதற்குள் மத்தியானம் கழிந்துவிட்டது.

இங்கே என்ன நடந்தது என்றால், வேலை தொடங்கும் முன் எல்லாரும் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று பெகிமை ஒற்றைக் காலில் நின்றாள். மேட்டிலிருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் பாலேடும் பாதாமி ஜாமும் திணித்துத் திணித்து அனுப்பினாள். ஜனங்கள் வயிறு நிறைந்து, மேல்பாதை வழியாகத் திரும்பி வந்து, கொட்டகையின் எதிர்ப்புறமான மேல்வாசலில் நின்றார்கள். நின்று, இடது கைப் பக்கம் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் இருந்தது மம்பெத்தின் நிலம். முந்தாநாள்தான் டிராக்டர் விட்டு உழுது, பரம்படித்து, தீவனப்புல் விதைக்கத் தயாராக வைத்திருந்தான். அவனோ விடியற்காலையிலேயே இரண்டு செம்மறிகளை ஏற்றிக்கொண்டு கரகோல் சந்தைக்குப் போயிருந்தான்.

உல்ஜான் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்காலில் ஓடி வரும் தண்ணீரோடு கூடவே நடந்து வந்தாள். தோட்டத்துக்கு வந்ததும் முதலில் அவள் கண்ணில் பட்டது ஆள் நடமாட்டமே இல்லாத கல்லுக்காடு. அப்புறம் கொட்டகைக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. போய் எட்டிப் பார்த்தாள்.

நிலம் முழுக்க மண்ணை வரிசை வரிசையாக உயர்த்திப் பார் பிடித்திருந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் கட்டி, நூலோடு ஒட்டி மண் அணைத்திருந்தார்கள். காலிச் சாக்குகள் ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"டைரக்டர் அக்கா!" என்று மதினா இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். "நீங்க சும்மா பயமுறுத்திட்டீங்க! மண்ணு வெண்ணெய் மாதிரி இருந்துச்சு! ஒரே மணி நேரத்துல கொத்தி முடிச்சிட்டோம். சரி, உங்களுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு..."

"கிழங்கும் வெச்சிட்டோம்," என்று ஸ்லாவா பெருமையாக முடித்து வைத்தான்.

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணுகூட மிச்சமில்ல."

உல்ஜான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருப் பெண்கள் குளிர்காலம் முழுக்கத் தங்கள் நிலவறையில் சாக்குப் போட்டு மூடிப் பாதுகாத்த விதைக்கிழங்கு. எல்லாம் மம்பெத்தின் மண்ணுக்குள். உலகத்தில் எத்தனையோ பேருக்கு நிலம் இருக்க, மம்பெத்தின் மண்ணுக்குள்!

பெகிமை ஓடி வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

"அண்ணி, அவன் வர்றதுக்குள்ள தோண்டி எடுத்துடலாமா?"

"முளை விட்ட கிழங்குடி. தோண்டினா பாதி முளை ஒடிஞ்சிடும்."

"அப்ப அவன்கிட்ட பேசணுமே?"

"யாரு பேசறது?"

பெகிமை வேலியோரம் நின்ற கழுதையைப் பார்த்தாள்.

முதலில் தண்ணீரைத் தன் கல்லுக்காட்டுக்குத் திருப்பிவிட்டாள் உல்ஜான். பாடுபட்டு வாங்கிய தண்ணீர், அதுவும் வீணாகப் போக வேண்டாம். மடைவாயை மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது, மம்பெத் சந்தையிலிருந்து வந்து இறங்கினான். செம்மறி நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டும். தொப்பியைப் பின்னால் சாய்த்து விசிலடித்துக்கொண்டே வந்தான். நிலத்தைப் பார்த்ததும் விசில் நின்றது.

தொப்பியை நேராக்கினான். பிறகு வழக்கம்போலக் கழுதையிடம் போனான்.

"டைரக்டர், காலையில நான் புறப்படும்போது இங்க என் நிலம் இருந்துச்சே? நீ பார்த்தே இல்ல?"

இந்த ஏற்பாடெல்லாம் மதினாவுக்கு எப்படித் தெரியும்? டைரக்டர் என்று கூப்பிட்டது உல்ஜானைத்தான் என்று நினைத்து நேரே அவன் முன்னால் போய் நின்றாள். "அண்ணா, இது உங்க நிலமா? ஐயோ! தப்பு எங்களோடது. நாங்கதான் பக்கம் மாறி வந்துட்டோம். இப்பவே எல்லாத்தையும் எடுத்துடறோம்." சொன்ன கையோடு மண்வெட்டியை எடுத்து முதல் பாரில் ஓங்கிவிட்டாள்.

"ஏய், ஏய்! நிறுத்தும்மா!" மம்பெத் பாய்ந்து மண்வெட்டியைப் பிடித்தான். "கிழங்கை வெட்டிடுவே! வெச்சதைப் பிடுங்குறதாவது!" பிறகு குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பார் ஓடிய திசையைப் பார்த்தான். மறுமுனைக்கு நடந்து போய் அங்கிருந்தும் பார்த்தான். "இந்தக் கோடு யாரு போட்டது?"

ஸ்லாவா பரீட்சையில் மாட்டிக்கொண்டவன் மாதிரி கையைத் தூக்கினான்.

"இந்த ஊர்ல எவன் நிலத்துலயும் இவ்வளவு நேரா பார் இல்ல, தெரியுமா? ரோட்ல போறவன் நின்னு பார்ப்பான்." தாடையைச் சொறிந்தான். "ஆனா என் ஆட்டுக்குப் புல்லு? அது எங்க போடறது?"

அந்தக் கேள்வி யாரைப் பார்த்தும் கேட்கப்படவில்லை. ஆனால் எல்லாரும் உல்ஜானைத்தான் பார்த்தார்கள். அவள் சேற்றுக் காலோடு மடையிலிருந்து ஏறி வந்தாள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்தவள்தான். தான் கேட்க வேண்டி வந்தபோது நாக்கு புரளவில்லை. கழுதையைப் பார்த்து ஆரம்பித்தாள். "உன் எசமானர்கிட்ட சொல்லு..." என்றவள், அப்படியே நிறுத்தினாள். தனக்கே அது அசிங்கமாகப் பட்டது.

"மம்பெத்," என்றாள் நேராக. "வழி சொன்னது நான். சரியா சொல்லாதது என் தப்பு. என்னை மன்னிச்சிடு. கிழங்கு இங்கேயே இருக்கட்டும், எங்க நிலத்தை இந்த வருஷம் நீ எடுத்துக்க. தண்ணி பாயுது பாரு. நாளைக்கு இவங்க எல்லாரும் கல்லு பொறுக்கித் தருவாங்க. உன் புல்லை அங்க விதைச்சுக்க."

மம்பெத் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். எதிரியை வறுத்தெடுக்க இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"கல்லு பொறுக்கறது எல்லாருக்கும் வராது," என்றான் கடைசியில். "அதுக்கு ஒரு முறை இருக்கு. நான்தான் சொல்லித் தரணும்."

"சரி, சொல்லித் தா."

"வகுப்பு மாதிரி. எல்லாரும் உக்காந்து கேக்கணும்." உல்ஜானைப் பார்த்து, "எல்லாரும்," என்று அழுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மம்பெத் சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். பட்டறை ஜனங்கள் கவிழ்த்த கூடைகள் மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். உல்ஜான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவன் முன்வரிசையைக் காட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

மம்பெத் கல்லைப் பற்றிப் பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். பாதி விஷயம் அவன் இளமையில் தூக்கிய கற்களைப் பற்றியது; ஒவ்வொரு தடவையும் கல் பெரிதாகிக்கொண்டே போனது. "கல்லுங்கிறது பயிர் மாதிரி," என்றான். "ஒவ்வொரு வசந்தத்துலயும் மண்ணுக்குள்ளிருந்து முளைச்சு வரும். போன வருஷம் சுத்தமா பொறுக்கியிருப்போம், இந்த வருஷம் பார்த்தா மறுபடி நிக்கும்."

உல்ஜானால் பொறுக்க முடியவில்லை. "முளைக்கல மம்பெத். குளிர்ல மண்ணுக்குள்ள ஈரம் உறைஞ்சு வீங்கும். அது கல்லை மேல தள்ளி விடும். எட்டாம் கிளாஸ்ல நடத்தினாங்க. நீ தூங்கிட்டிருந்தே."

"நான் தூங்கினேனா? என் தோள் மேல சாஞ்சு தூங்கினது யாரு?"

"எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்!"

"அடடா, வருஷம் பூராவும் காய்ச்சல்!"

கூடைகளில் இருந்தவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பெகிமை ஸ்லாவாவின் விலாவில் இடித்து, "பழையபடி சண்டை போட ஆரம்பிச்சிட்டாங்கப்பா!" என்று கிசுகிசுத்தாள். ஸ்லாவாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் கை தட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். மம்பெத் அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு தலை குனிந்து ஏற்றுக்கொண்டான்.

அதன் பிறகு வேலை ஓடியது. ஊறிய மண்ணிலிருந்து கற்கள் சுலபமாகக் கழன்று வந்தன. கூடை கூடையாகக் கொண்டுபோய் வேலியோரம் கொட்டினார்கள். மதினாவின் புது பூட்ஸ் கிழிந்தது; அவள் பெகிமையின் ரப்பர் செருப்போடு வேலை செய்தாள். ஒரு பெரிய பாறாங்கல்லை மம்பெத்தும் உல்ஜானும் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். "அழுத்து!" "நான் அழுத்தறேன், நீதான் பேசிட்டிருக்கே!" "பேசாம எப்படி அழுத்தறது?" கல் புரண்டபோது இருவரும் சேர்ந்தே சேற்றில் விழுந்தார்கள். கல்யாணக் கோட்டின் கதி அதோடு முடிந்தது. உல்ஜான் எழுந்திருக்க முடியாமல் சிரித்தாள். இந்த மனுஷனோடு சண்டை போட எவ்வளவு ஆசையாக இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

சாயங்காலம் வேன் புறப்பட்டது. எல்லாரும் கையில் கொப்புளமும் மடியில் ரொட்டியுமாக ஏறினார்கள்.

ஜூலையில் உருளைக்கிழங்கு பூத்தது. வெள்ளையும் ஊதாவுமாக, நூல் பிடித்த மாதிரி வரிசைகள். ரோட்டில் போகிறவர்கள் உண்மையாகவே வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். மம்பெத் வேலியில் சாய்ந்து நின்று, "நம்ம நிலம்தான்" என்பான். நட்டது யார் என்ற பேச்சை எடுக்க மாட்டான். கல்லுக்காட்டில் புல் திட்டுத் திட்டாகத்தான் வந்தது. அதைப் பற்றி அவன் தினமும் காலையில் வேலியருகே வந்து உல்ஜானிடம் நேரிலேயே குறை சொன்னான். மழை பெய்தால் சொன்னான், பெய்யாவிட்டாலும் சொன்னான்.

ஒருநாள் பெகிமை கேட்டாள்: "அண்ணி, காது வலிக்கலையா உங்களுக்கு?"

"வலிக்குது," என்றாள் உல்ஜான், களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு. "இரு, நேத்து அவன் சொன்னதுக்கு ஒரு பதில் பாக்கி இருக்கு. சொல்லிட்டு வந்துடறேன்."